சோழவரம்: விமானத்துக்குப் போட்ட தளத்தில் கார் ஓடிய கதை

சோழவரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரிதான் ஞாபகம் வரும். கோடை வந்தால் செய்தித்தாளில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று வரிசையாக நீர்மட்டம் போடுவார்களே, அந்தச் சோழவரம். மதுரைக்காரர்களுக்கு அதுவும் ஞாபகம் வராது. நமக்கு வைகை அணை நீர்மட்டமே போதுமான கவலை!

ஆனால் பழைய கார் பைத்தியம் யாரையாவது பிடித்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். சோழவரம் என்று சொன்னதும் அவர் முகம் மாறும். ஏரி பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். 1950களில் ஆரம்பித்து 1980களின் கடைசி வரை, இந்தியாவில் கார் பந்தயம் என்றால் முதலில் சொல்லப்பட்ட பெயர் அது. இத்தனைக்கும் அது பந்தயத்துக்காகக் கட்டிய இடமே இல்லை. இரவல் இடம். அதில் ஓடிய கார்களில் பாதி, பந்தயத்துக்காகச் செய்த கார்களும் இல்லை. இரவல் இடத்தில், பட்டறையில் மாற்றி அடித்த கார்களை வைத்துக்கொண்டு முப்பது வருடங்களுக்கு மேல் எப்படி ஓட்டினார்கள்? பிறகு வந்த கோடிக்கணக்கான ரூபாய் தளம் ஒன்று ஏன் மூன்றே வருடத்தில் படுத்துக்கொண்டது? இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

முதலில் தளம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1942 ஏப்ரல் மாதம். ஜப்பான் கடற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்துவிட்டது. 5ஆம் தேதி கொழும்பு, 6ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் தேதி திருகோணமலை என்று குண்டு விழுந்தது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். பாதி ஊர் காலியானது, அரசு அலுவலகங்கள் வெளியூருக்கு மாறின. இந்தப் பீதியின் நடுவில் தென்னிந்தியா முழுக்க விமானத் தளங்கள் அவசர அவசரமாகப் போடப்பட்டன. சோழவரம் அதில் ஒன்று. உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு எல்லாம் அதே வரிசை. மதுரையிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் உளுந்தூர்பேட்டையைத் தாண்டித்தான் போகிறோம். பெரும்பாலும் அப்போது தூங்கிக்கொண்டிருப்போம் என்பது வேறு விஷயம்.

போர் 1945இல் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் மட்டும் மிச்சம். நீளமாக, அகலமாக, மேடு பள்ளம் இல்லாமல், குறுக்கே ஒரு மாடு வராமல் (சரி, மாடு வந்திருக்கலாம்) கிடக்கிற தரை. வேகமாகக் கார் ஓட்ட ஆசைப்படுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த யோசனை மெட்ராஸில் மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் இன்று உலகப் புகழ் பெற்ற பந்தயத் தளம். அதுவும் இதே போரில் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட தளம்தான். 1948இல் அங்கே முதல் பெரிய பந்தயம் நடந்தது. 1950 மே 13ஆம் தேதி ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அங்கேதான். ஆல்ஃபா ரோமியோ காரில் ஃபரினா ஜெயித்தார். குட்வுட் என்ற இன்னொரு பழைய தளமும் விமானப்படை நிலையத்தைச் சுற்றிப் போட்ட சாலையில் 1948இல் ஆரம்பித்ததுதான். இலங்கையில் களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த என்று ஓர் இடம் இருக்கிறது. அதுவும் போர்க்கால விமானத் தளம், அதுவும் பந்தயத் தளம் ஆனது.

1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. சில்வர்ஸ்டோன் முதல் பந்தயத்துக்கும் இதற்கும் இடைவெளி ஐந்தே வருடம். நாம் ஒன்றும் ரொம்பப் பின்தங்கி இல்லை! கிளப்பின் ஆரம்பகால ஆட்களில் முக்கியமானவர் இந்து சந்தோக். பிறகு 1971இல் இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்களின் கூட்டமைப்பு உருவானதிலும் அவர் பங்கு பெரியது. அவர் மகன் விக்கி சந்தோக்கும் பந்தயக்காரர். பேரன் கருண் சந்தோக் 2010இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை.

ஆரம்பத்தில் சோழவரத்தில் என்ன ஓடியது? வெள்ளைக்காரர்களின் கார்கள். சுதந்திரம் வந்த பிறகும் மெட்ராஸ் கம்பெனிகளில் ஆங்கிலேய அதிகாரிகள் கொஞ்ச காலம் இருந்தார்கள். அவர்களிடம் எம்.ஜி. மாதிரி ஸ்போர்ட்ஸ் கார்கள் இருந்தன. அப்புறம் மகாராஜாக்கள். கோண்டல் சமஸ்தானத்து அரச குடும்பம் ஜாகுவார் கார்களோடு பந்தயத்துக்கு வந்தது. அதாவது ஆரம்பத்தில் இது பச்சையாகப் பணக்காரர் விளையாட்டு. அதில் சந்தேகமே வேண்டாம்.

கதை மாறுவது இங்கேதான். மாற்றியது மெக்கானிக் இல்லை, டிரைவர் இல்லை... மத்திய அரசின் தொழிற்கொள்கை!

வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி மட்டும் விற்கிற கம்பெனிகளுக்கு இனி இடமில்லை, இங்கேயே தயாரிக்கிறவர்கள் மட்டும் இருக்கலாம் என்று 1953இல் அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954இல் கடையைக் கட்டின. புதிய வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்வது கிட்டத்தட்ட முடியாத காரியமானது. மிஞ்சியது மூன்று வண்டிகள். கல்கத்தா பக்கத்தில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட், நம்ம மெட்ராஸில் வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதற்கும் புக் பண்ணிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உரிமம், ஒதுக்கீடு, விலைக் கட்டுப்பாடு... பொருளாதாரப் பாடத்தில் 1991க்கு முன், 1991க்குப் பின் என்று இரண்டாகப் பிரித்து எழுதுகிறோமே, அந்த முதல் பாதி.

பந்தயக்காரன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவில் 1960களில் என்ஜின் பின்னால் வந்துவிட்டது, டிஸ்க் பிரேக் வந்துவிட்டது, டயரின் அகலம் வருடா வருடம் கூடுகிறது. இங்கே இருப்பது 1950களில் வடிவமைத்த குடும்பக் கார். கல்யாண வீட்டுக்கு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. அதை வைத்துக்கொண்டுதான் பந்தயம் விட வேண்டும்.

விட்டார்கள்!

அம்பாசடரின் என்ஜின் 1489 சிசி. ஃபியட்டுக்கு 1089 சிசி. ஹெரால்டுக்கு 948 சிசி. இதிலிருந்து கூடுதல் சக்தியைப் பிழிவது எப்படி? முதலில் எடையைக் குறை. பின் சீட், பம்பர், கதவின் உள்பக்க அட்டை எல்லாவற்றையும் கழற்று. அடுத்து சிலிண்டர் ஹெட்டின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவி எடு. உள்ளே இருக்கிற இடம் சுருங்கும், பெட்ரோலும் காற்றும் கலந்த புகை இன்னும் இறுக்கமாக அமுங்கும், வெடிக்கும்போது அடி பலமாக விழும். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கு. ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வை. புகை வெளியேறும் பைப்பை நேராக்கு. சொல்வதற்குச் சுலபம். ஹெட்டைக் கூடுதலாக ஒரு நூல் சீவிவிட்டால் என்ஜின் தட்ட ஆரம்பிக்கும், நாலாவது சுற்றில் பிஸ்டன் ஓட்டையாகும். எவ்வளவு சீவலாம் என்பதற்குப் புத்தகம் கிடையாது. லேத் பட்டறைக்காரர் கைக்குத்தான் தெரியும். அந்தக் கைகளின் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படவில்லை. ஓட்டியவர் பெயர்தான் பேப்பரில் வந்தது. இது கொஞ்சம் அநியாயம்தான்.

இப்போது ஓட்டுவதைப் பற்றி. பந்தயத் தளத்தில் வண்டி ஓட்டுவது என்றால் நாம் நினைப்பது ஆக்சிலரேட்டரை மிதிப்பது. உண்மையில் விஷயம் முழுக்க பிரேக்கில்தான் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் வண்டி சுமக்கிற ஆற்றல் நான்கு மடங்காகும் (பிளஸ் ஒன் இயற்பியல், மறந்திருந்தால் பரவாயில்லை). 80 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்துவதற்கும் 160இல் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அந்த ஆற்றல் எங்கே போகும்? சூடாக மாறி பிரேக்கில் இறங்கும். விமான ஓடுதளம் என்பது நேர்கோடு. ஆகவே சோழவரம் மாதிரி இடத்தில் கார் நீளமான நேர்கோட்டில் முழு வேகத்துக்குப் போகும். முடிகிற இடத்தில் பிரேக்கைப் போட்டு வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கித் திரும்ப வேண்டும். திரும்ப நேர்கோடு, திரும்ப பிரேக். அந்தக் காலத்து டிரம் பிரேக்கில் சூடு உள்ளேயே அடைந்து கிடக்கும், வெளியேற வழியில்லை. சில சுற்றுகள் போனதும் பெடலை மிதித்தால் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. அதைத் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முன்னாலேயே மிதிக்க ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதுதான் திறமை. முதல் சுற்றிலிருந்தே பிரேக்கைச் சேமித்து ஓட்டியவன் கடைசிச் சுற்றில் முந்துவான். மெட்ராஸ் வெயில் வேறு. பந்தயத்தைப் பெரும்பாலும் பிப்ரவரி மாதம் வைத்ததற்கு நியாயம் இருக்கிறது.

அப்புறம் ஹெரால்டு. பார்க்க அழகான வண்டி, வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ஆனால் அதன் பின் சக்கர அமைப்பில் ஒரு விவகாரம் இருந்தது. இரண்டு பக்கச் சக்கரமும் நடுவிலிருந்து கதவு மாதிரி மேலும் கீழும் ஊஞ்சலாடும். திருப்பத்தில் வேகமாகப் போகும்போது பயந்துபோய் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் எடை முன்னால் சாயும், பின்பக்கம் மேலே எழும்பும், சக்கரம் உள்பக்கமாக மடங்கிக் கொள்ளும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சுற்றும். ஆக, பயப்படும்போது இயற்கையாக என்ன செய்வோமோ அதைச் செய்யவே கூடாது. திரும்புவதற்கு முன்பே நேராக இருக்கும்போது வேகத்தைக் குறைத்துவிட்டு, திரும்பும்போது காலை ஆக்சிலரேட்டரில் லேசாக வைத்தபடியே போக வேண்டும். இது இன்றைக்கும் எந்தப் பந்தயப் பள்ளியிலும் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம். ஹெரால்டு ஓட்டியவர்களுக்கு அந்தப் பாடத்தைக் காரே சொல்லிக் கொடுத்தது. ஃபீஸ் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

கார்கள் மட்டுமல்ல, மோட்டார் சைக்கிள்களும் அங்கே ஓடின. மெட்ராஸைச் சுற்றி இருந்த தொழிற்சாலைகளைப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இருக்காது. திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப். டயரும், எண்ணூரில் அசோக் லேலண்டு, வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு. வண்டி செய்கிறவன், டயர் செய்கிறவன், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் எல்லோரும் ஒரே ஊரில். பம்பாயில் பணம் அதிகம், கல்கத்தாவில் கிளப்கள் பழசு. ஆனாலும் பந்தயம் வேரூன்றியது மெட்ராஸிலும் கோயம்புத்தூரிலும் என்றால் காரணம் இதுதான். மதுரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1911இல் மதுரையில் பஸ் விட ஆரம்பித்த டி.வி.சுந்தரம் அய்யங்காரின் குழுமத்தில் இருந்து வந்த டி.வி.எஸ்., 1982இல் தனக்கென்று பந்தய அணி வைத்தது. செல்லூர்ச் சந்துகளில் இன்று உறுமிக்கொண்டு போகிற பல பைக்குகளுக்கு அது ஒன்றுவிட்ட உறவு.

1980களில் சோழவரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. விஜய் மல்லையா (ஆமாம், அவரேதான்) என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டினார். கூட்டம் வாயைப் பிளந்தது. ஆனால் ஒரு ஆள் ஃபார்முலா ஒன் காரில், மற்றவர்கள் சீவின ஃபியட்டில் என்றால் அது பந்தயம் இல்லை, ஊர்வலம். பணம் இருக்கிறவன் ஜெயிப்பான் என்று முன்கூட்டியே தெரிந்த விளையாட்டுக்குப் புதுப் பையன்கள் வர மாட்டார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் கோயம்புத்தூர் எஸ்.கரிவரதன். பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை, பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர் செய்தது வெளிநாட்டிலிருந்து இன்னும் பெரிய கார் வாங்கியது அல்ல. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்திருந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். எல்லா ஊரிலும் கிடைக்கும், எல்லா ஊரிலும் ரிப்பேர் பார்க்க ஆள் இருக்கும். அந்த என்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காருகிற, சக்கரங்கள் வெளியே தெரிகிற பந்தயக் காரை 1988இல் கோவையிலேயே செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர் ஆனது. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே என்ஜின். இப்போது ஜெயிப்பது ஓட்டுகிறவன் கையில்! மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்வார்களே, நுழைவுத் தடையைக் குறைப்பது என்று... இதைவிட நல்ல உதாரணம் சொல்ல முடியாது. முன்பு பந்தயக் கார் வேண்டுமென்றால் இறக்குமதி லைசென்ஸ் வேண்டும். இப்போது கோயம்புத்தூர் போனால் போதும்.

அந்தக் காரில் ஓட்டிய பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். அவர் அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் ராலி ஓட்டுநர், தென்னிந்திய ராலியைப் பல முறை ஜெயித்தவர். நரேன் 1990களின் ஆரம்பத்தில் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, பிரான்சில் பயிற்சி எடுத்து, படிப்படியாக ஏறி 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவது இடம், ஐந்து புள்ளிகள். டயர் பிரச்சினையால் பதினான்கு கார்கள் விலகி ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது சொல்லிக் காட்டுவார்கள். ஆறில் நான்கு என்றாலும் புள்ளி புள்ளிதான்.

கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். அவருடைய நண்பரும் பந்தயக்காரருமான பி.விஜயகுமார், கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் சின்ன விமானங்கள் இறங்குவதற்கு என்று நிலம் வாங்கியிருந்தார். பிறகு மனம் மாறி அதில் பந்தயத் தளம் போட்டு, 2003இல் திறந்து, நண்பர் பெயரையே வைத்தார். கரி மோட்டார் ஸ்பீட்வே. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தளம்.

சோழவரம் என்ன ஆனது? அதன் அடிப்படைச் சிக்கல் முதல் நாளிலிருந்தே இருந்தது. இடம் கிளப்புடையது இல்லை, பாதுகாப்புத் துறையுடையது. சொந்தம் இல்லாத நிலத்தில் நிரந்தரமாக எதையும் கட்ட முடியாது. பார்வையாளர் மாடம் கட்ட முடியாது, தடுப்புச் சுவர் எழுப்ப முடியாது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் எல்லாவற்றையும் தற்காலிகமாகக் கட்டி, பிறகு பிரிக்க வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட யோசிக்கிற குடும்பம் மாதிரி. அதனால் கிளப் சொந்த இடம் தேடியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளத்தில், பன்னிரண்டு திருப்பங்களோடு, நாட்டின் முதல் நிரந்தரப் பந்தயத் தளம் 1990இல் திறக்கப்பட்டது. அதோடு சோழவரத்தின் காலம் முடிந்தது.

இங்கே இன்னொரு தளத்தை ஒப்பிட்டே ஆக வேண்டும். டெல்லி பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் புத்த் சர்க்யூட். 5.125 கிலோமீட்டர், உலகத் தரம், 2011இல் திறப்பு. 2011, 2012, 2013 மூன்று வருடமும் இந்தியன் கிராண்ட் பிரி நடந்தது, மூன்றிலும் வெட்டல் ஜெயித்தார். அப்புறம் நின்றுபோனது. கார் பந்தயம் விளையாட்டா, கேளிக்கையா என்று வரித்துறையோடு தகராறு. விளையாட்டு என்றால் ஒரு வரி, கேளிக்கை என்றால் வேறு வரி. இன்னொரு பக்கம், மூன்றே நாள் நடக்கிற பந்தயத்துக்காக வெளிநாட்டுக் கம்பெனிக்கு இந்தியாவில் நிரந்தரத் தொழிலிடம் இருப்பதாகக் கொள்ளலாமா என்று வருமான வரி வழக்கு. கொள்ளலாம், வரி கட்டு என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. (வருமான வரித் தாளுக்குப் படிக்கிறவர்கள் இந்த வழக்கைக் குறித்து வைத்துக்கொள்ளலாம், கேள்வியாக வர வாய்ப்புண்டு.) கட்டிய ரியல் எஸ்டேட் குழுமமும் கடனில் மாட்டியது. 2023 செப்டம்பரில் ஒரு மோட்டோ ஜிபி பந்தயம் அங்கே நடந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா ஒன் வரவே இல்லை. ஆனால் 1990இலிருந்து அங்கே தேசியப் பந்தயங்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. காரணம் எளிமையானது. அதை வைத்திருப்பது ஓட்டுகிறவர்களின் கிளப். வருடத்தில் மூன்று நாள் வருகிற வெளிநாட்டுக்காரரை நம்பி அவர்கள் கணக்குப் போடவில்லை. சனி, ஞாயிறு வந்து ஓட்டுகிற உள்ளூர்ப் பையனை நம்பிப் போட்டார்கள். நிலையான செலவை எத்தனை நாளில் பிரிக்கிறோம் என்பது காஸ்ட் அக்கவுண்டிங்கின் முதல் பாடம். நொய்டாவில் அதை யாரும் படிக்கவில்லை போல!

இதையெல்லாம் சொல்லும்போது சாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது பழைய காலம், இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லத் தோன்றும். 2024 ஏப்ரலில் இலங்கை தியத்தலாவையில் ஒரு கார் தடம் மாறிப் பார்வையாளர்கள் மேல் ஏறியதில் ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு சின்னப் பெண்ணும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரியில் மூத்த பந்தயக்காரர் கே.இ.குமார் இன்னொரு காரோடு மோதி இறந்தார், வயது 59. அதே வருடம் ஆகஸ்டில் அதே தளத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய 13 வயதுப் பையன் இறந்தான். பதின்மூன்று வயது... லைசென்ஸ் வாங்க இன்னும் ஐந்து வருடம் இருக்கிற வயது. சின்ன வயதிலேயே ஆரம்பித்தால்தான் உலக அளவில் போட்டி போட முடியும் என்று பந்தய உலகம் சொல்கிறது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையை ஒரு குழந்தையின் பெற்றோரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் வாய் வராது. தடுப்புச் சுவர், ஹெல்மெட், மருத்துவர், ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கிற சொந்தத் தளத்திலேயே இப்படி என்றால், சோழவரத்தில் அந்த முப்பது வருடமும் ஓட்டியவர்கள் எதை நம்பி ஓட்டினார்கள் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் இரவு நேர ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப் போனது. பந்தயம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. அரசுப் பணத்தை இதற்குச் செலவழிக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு, கேட்க வேண்டிய கேள்விதான். அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

மதுரையிலிருந்து இப்போது யாருக்காவது ஆசை வந்தால்? செல்லூரில் கபடி ரவுண்டானாவிலிருந்து கோரிப்பாளையம் போவதற்குள் மூன்றாவது கியர் போட முடிந்தாலே அன்றைக்கு அதிர்ஷ்டம். வேகத்தைச் சாலையில் காட்டக் கூடாது, காட்டவும் முடியாது. செட்டிபாளையம் கோயம்புத்தூர்ப் பக்கம், இருங்காட்டுக்கோட்டையைவிட நமக்குக் கிட்டே. இரண்டு தளங்களிலும், பந்தயம் இல்லாத நாட்களில் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்ட விடுகிற ஏற்பாடுகள் நடக்கின்றன. ஹெல்மெட் கட்டாயம். வண்டிக்குள் கிடக்கிற தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி டயர், டேஷ்போர்டு பிள்ளையார் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும், பிரேக் பிடிக்கும்போது பறந்து வரும். ஒரு சுற்று சும்மா மெதுவாகப் போய்த் தளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. சில சுற்றுகள் வேகமாக ஓட்டினால் பிரேக் சூடாகி நாற்றம் வரும். ஒரு சுற்று மெதுவாகப் போய் ஆறவிட வேண்டும். உடனே நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டால் டிஸ்க்கோடு பேட் ஒட்டிக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள். எந்தெந்த உபயோகத்துக்குப் பாலிசி செல்லாது என்று ஒரு பகுதி இருக்கும். சரக்கு ஏற்றுவது, வாடகைக்கு விடுவது இவற்றோடு பந்தயம், வேகச் சோதனை என்றும் போட்டிருப்பார்கள். தளத்தில் வண்டி சுவரில் போய் முட்டினால் கம்பெனி ஒரு ரூபாய் தராது. பம்பர் செலவு முழுக்க அப்பா கணக்கில்தான்.